நூறு

ஒகுமுரா சார் ஊருக்குத் திரும்பும்போது
சோழிங்கநல்லூர் பதினோராம் மாடி
மூன்று பங்காகப் பிரிந்தது.
சோபா, கம்பெனிக்கு.
சைக்கிள், வாட்ச்மேனுக்கு.
சோறு பொங்கும் வெள்ளைப் பெட்டி, எனக்கு.
நாலு வருஷம் நான் பொங்கிய பெட்டி.
வெந்ததும் சின்னதாய் ஒரு பாட்டுப் பாடும்.
இரண்டு கையாலும் எடுத்துத் தந்தார், குனிந்தார்.
நானும் குனிந்தேன்.
சமையல் மேடைக்கு அடியில்
எந்நேரமும் முனகிக்கொண்டு கிடந்த
இரும்புப் பெட்டியைப் பற்றி
அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
ஏதோ ஏசியின் உறுப்பு என்று
அதைத் தள்ளித் தள்ளிப் பெருக்கியிருக்கிறேன்.

பெரும்பாக்கம், ஐந்தாம் மாடி.
அதன் தட்டை முள் இரண்டும் என் வீட்டு ஓட்டையில் நுழையவில்லை.
அறுபது ரூபாய்க்கு ஒரு கட்டை வாங்கினேன்.
எந்த நாட்டு முள்ளையும் உள்ளே விடும் என்றான் கடைக்காரன்.
விட்டது.
பொன்னி அரிசி ஒன்றரை டம்ளர்.
சுவிட்சைத் தட்டினேன்.
டப்.
கதவிடுக்கில் பல்லி நசுங்குகிற அளவு சத்தம்தான்.
பிறகு நாற்றம்.
பெட்டி செத்துப்போனது, ஆனால்
அதன் நெற்றியில் கடிகாரம் மட்டும்
ஓடிக்கொண்டே இருந்தது.

துரைக்கண்ணு கவிழ்த்துப் பார்த்தார்.
புரியாத எழுத்துக்கு நடுவே
புரிகிற ஒரே எண்: 100.
"நூத்துக்கு நூறு. நல்ல பெட்டிதான்டி,
நீதான் ஏதோ பண்ணிட்டே."

அது மார்க் இல்லை என்பது
ரிச்சி தெருவில் தெரிந்தது.
கௌஸ் பாய் திருகாணிகளை மூடியில் போட்டுக்கொண்டே சொன்னான்:
"அவங்க ஊரு கரண்டு நூறுக்கா.
நம்முது இருநூத்தி முப்பது.
மெதுவாப் பேசிப் பழகின ஆளு காதுல
போயி கத்திட்டீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது.
நாலு வருஷமாய் லிஃப்டுக்குள் நுழையும்போதே
குரலை இறக்கிக்கொண்டு போனவள் நான்.
பதினோராம் மாடியில் கதவு திறக்கையில்
என்னிடம் நூறுதான் இருக்கும்.
மிச்ச நூற்று முப்பதை
சாயங்காலம் வந்து குழாயடியில் கொட்டுவேன்.

"ஃபியூஸ்தான் போயிருக்கு, இருபது ரூபா.
ஆனா இது இல்லாம இனிமே சொருகாதீங்க."
காலால் தள்ளிக் காட்டினான்.
அதே முனகல் பெட்டி, வேறு நிறம்.
மூவாயிரத்து இருநூறு.
"பழசு?"
"ஆயிரத்து நானூறு. கொஞ்சம் சத்தம் போடும்."
"போடட்டும். எங்க வீட்ல யாரு போடல?"
ஆயிரத்து நூற்றைம்பதில் முடிந்தது.

பஸ்ஸில் எனக்கு டிக்கெட் கிடையாது,
அதற்கு உண்டு.
"என்னம்மா, பேட்டரியா?" என்றார் கண்டக்டர்.
"கரண்ட்டை எறக்குற பெட்டி."
"எங்க ஏரியாவுல அது தானா எறங்குது,"
என்றாள் மடியில் கீரைக்கட்டு வைத்திருந்தவள்.
கடைசி சீட்டு வரை போய்த் திரும்பியது சிரிப்பு.

அவள் சொன்னதும் பொய்யில்லை.
மே மாசம், ஏழு மணி,
எட்டு மாடியிலும் எல்லா ஃபேனும் ஒன்றாய்ச் சுற்ற
டியூப்லைட் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது.
வந்ததே அரைகுறை.
அதையும் பாதியாக்கி, முனகி முனகி,
பெட்டி பெட்டிக்கு ஊட்டியது.
நூறு எங்கே, எழுபது போயிருந்தால் அதிகம்.
அரிசி வேக ஒரு மணி பத்து நிமிஷம்.

எதிர்வீட்டு நிரோஷா
தட்டோடு வந்து தரையில் உட்கார்ந்திருந்தாள்,
சோற்றுக்கு இல்லை, பாட்டுக்கு.
பாட்டு வந்தது. ஒரு சுரமும் குறையவில்லை.
"ஆன்ட்டி, கடிகாரம் தப்பு. பதினொண்ணு நாப்பதுன்னு காட்டுது."
"தப்பில்லடி."
எந்தப் பொத்தானை அமுக்கினால் மாறும் என்று எனக்குத் தெரியும்.
நாலு வருஷம் அவரும் மாற்றவில்லை.

மூடியைத் திறந்தேன்.
ஆவி முகத்தில் அடித்தது.
அங்கே இந்நேரம்
பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கும்.
யார் கழுவியிருப்பார்கள்
என்று யோசித்துக்கொண்டே
முதல் கரண்டியை
நிரோஷாவின் தட்டில் போட்டேன்.